நோட்டின் தேதியும் புழக்கத்தின் தேதியும்: கினியாவின் முதல் பணத்தாள்கள்

புதிதாக விடுதலை பெற்ற ஆப்பிரிக்க நாடு ஒன்றின் தொடக்ககால நோட்டுகளைச் சேகரிக்கத் தொடங்குபவர் முதலில் விட்டுவிட வேண்டிய பழக்கம், நோட்டின் முகத்தில் அச்சாகியிருக்கும் தேதியை அது வெளியான தேதியாக எடுத்துக்கொள்வது. 1957-க்கும் 1966-க்கும் இடையில் ஆப்பிரிக்காவில் முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் விடுதலை பெற்றன. அவற்றில் பல, நோட்டுக்குத் தேதி போட்டபோது அச்சு எந்திரம் ஓடிய நாளை நினைக்கவில்லை. நாடு பிறந்த நாளை, அல்லது வங்கி பிறந்த நாளை நினைத்தன. அந்தத் தேதியை நம்பி ஆல்பத்தை அடுக்கினால் வரலாறு தலைகீழாகிவிடும். அதை நம்பி விலை கொடுத்தால் இல்லாத சிறப்புக்குப் பணம் போய்ச்சேரும். எந்த நோட்டு மக்கள் கைக்கு எப்போது வந்தது, அப்போது எந்த நோட்டை வெளியேற்றியது என்பதை வைத்துத்தான் இத்துறையில் சேகரிப்பை அமைக்க வேண்டும் என்பது இந்த அத்தியாயத்தின் வாதம். அதற்குக் கினியாவைவிட நல்ல சான்று வேறில்லை.

1958 செப்டம்பர் 28 அன்று பிரான்சின் ஆப்பிரிக்க ஆட்சிப்பகுதிகளில் ஒரு பொதுவாக்கெடுப்பு நடந்தது. டி கோல் முன்வைத்த புதிய அரசியலமைப்பை ஏற்று, பிரெஞ்சுச் சமூகம் என்ற கூட்டமைப்புக்குள் இருப்பதா வேண்டாமா என்பது கேள்வி. மற்ற பகுதிகள் எல்லாம் ஏற்றுக்கொண்டன. கினியா மட்டும், 95 விழுக்காட்டுக்கும் அதிகமான வாக்குகளால், வேண்டாம் என்றது. அக்டோபர் 2-ல் செகூ தூரேயின் தலைமையில் விடுதலை அறிவிக்கப்பட்டது. பிரான்ஸ் தன் அதிகாரிகளைத் திரும்ப அழைத்துக்கொண்டது. கோப்புகளும் கருவிகளும்கூட அவர்களோடு போயின. ஆனால் பணம் மட்டும் அப்படியே இருந்தது. இதைத்தான் சேகரிப்பாளர் மனத்தில் இருத்த வேண்டும். விடுதலை பெற்ற அன்று கொனாக்ரி சந்தையில் மீன் வாங்கியவர் கொடுத்தது சிஎஃப்ஏ பிராங்க். அதற்கடுத்த ஆண்டும் அதையேதான் கொடுத்தார். பிரெஞ்சு மேற்கு ஆப்பிரிக்காவுக்கும் தோகோவுக்கும் பொதுவாக 1955 முதல் இயங்கிய வெளியீட்டு நிறுவனத்தின் நோட்டுகளே புழக்கத்தில் இருந்தன. 1959-ல் அந்த நிறுவனம் மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் மத்திய வங்கியாகப் பெயர் மாறியது. கினியா தன் சொந்தப் பிராங்கை வெளியிட்டு அந்தப் பண வலயத்திலிருந்து வெளியேறியது 1960 மார்ச் 1 அன்றுதான். கொடி வந்து பதினேழு மாதங்களுக்குப் பிறகே பணம் வந்தது.

மார்ச் 1-ல் மக்கள் கைக்கு வந்த நோட்டுகளைப் பாருங்கள். கினியக் குடியரசின் வங்கி என்ற பெயரில், 50, 100, 500, 1000, 5000, 10,000 பிராங்க் என ஆறு மதிப்புகளில், செகூ தூரேயின் உருவத்தோடு அவை வந்தன. அச்சடித்தது செக்கோஸ்லோவாக்கியாவில், பிராக் நகரில். அவற்றில் உள்ள தேதி 1958 அக்டோபர் 2. அந்தத் தேதியில் அந்த வங்கியே கிடையாது. கூடவே வந்த 5, 10, 25 பிராங்க் நாணயங்களில் 1959 என்று பொறித்திருக்கிறது. ஒரே பணமுறையின் நாணயத்தில் ஓர் ஆண்டு, நோட்டில் வேறோர் ஆண்டு, புழக்கத்துக்கு வந்தது மூன்றாவது ஆண்டில். இதற்குப் பின்னர் இரண்டாவது நோட்டு வரிசை ஒன்று வந்தது. அதை அச்சடித்தது இங்கிலாந்தின் தாமஸ் டி லா ரூ. அதில் வங்கியின் பெயரோடு ‘மத்திய’ என்ற அடைமொழி சேர்ந்துவிட்டது. 5000, 10,000 என்ற பெரிய மதிப்புகள் இல்லை. 50 முதல் 1000 வரை நான்கு மட்டுமே. தேதியோ 1960 மார்ச் 1. அதாவது முதல் வரிசை வெளியான நாள் இரண்டாம் வரிசையின் முகத்தில் இருக்கிறது. இதோடும் முடியவில்லை. 1970-களின் தொடக்கத்தில் பத்துப் பிராங்குக்கு ஒரு சிலி என்ற கணக்கில் பிராங்கையே நீக்கிவிட்டுப் புதிய பணம் கொண்டுவந்தார்கள். அந்தச் சிலி நோட்டுகளிலும் 1960 என்றுதான் இருக்கிறது. 10 சிலி நோட்டில் இருப்பவர் காங்கோவின் பத்ரீஸ் லுமும்பா; அவர் கொல்லப்பட்டது 1961 ஜனவரியில். இறந்தவரைத் தியாகியாகப் போற்றி வெளியிட்ட நோட்டு, அவர் உயிரோடிருந்த ஆண்டைத் தேதியாகத் தாங்கியிருக்கிறது. தேதியை எப்படிப் படிக்க வேண்டும் என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

இதை ஏமாற்று என்று யாரும் நினைக்கக் கூடாது. தேதி இங்கே ஓர் அரசியல் அறிக்கை. நோட்டில் 1958 அக்டோபர் 2 என்று போட்ட அரசு, இந்தப் பணத்தின் அதிகாரம் அந்த நாளின் முடிவிலிருந்து பிறக்கிறது என்று சொல்கிறது. 1960 மார்ச் 1 என்று போட்டபோது, அந்த அதிகாரம் பண வலயத்தை விட்டு வெளியேறிய நாளிலிருந்து வருகிறது என்று சொல்கிறது. இரண்டு தேதிகளுக்கும் இடையில் ஓர் அரசின் எண்ணமே நகர்ந்திருக்கிறது. சேகரிப்பாளருக்கு இது கிடைத்தற்கரிய பொருள். ஆனால் தேதியை வெளியீட்டு நாளாகப் படிப்பவர் கண்ணுக்கு அது தெரியவே தெரியாது. எல்லா நாடுகளும் இப்படிச் செய்யவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கானா 1957 மார்ச் 6-ல் விடுதலை பெற்றது. அதன் முதல் நோட்டுகளில் உள்ள தேதி 1958 ஜூலை 1; அவை வெளியானது ஜூலை 14. இரண்டு வார இடைவெளிதான். அங்கே மத்திய வங்கிக்கான பாதை விடுதலைக்கு முன்பே போடப்பட்டிருந்தது. இந்திய ரிசர்வ் வங்கியின் துணை ஆளுநராக இருந்த சர் செசில் ட்ரெவர், கோல்ட் கோஸ்ட்டின் வங்கித் தொழில் நிலைமையை ஆராய்ந்து 1951-ல் அறிக்கை கொடுத்தார். அதன் தொடர்ச்சியாகவே அங்கே அரசு வங்கி ஒன்று உருவாகி, பின்னர் அதிலிருந்து கானா வங்கி வந்தது. பிரிட்டனோடு பேசிப் பிரிந்த நாட்டின் நோட்டில் நிர்வாகத் தேதி இருக்கிறது. முறித்துக்கொண்டு பிரிந்த நாட்டின் நோட்டில் போராட்டத் தேதி இருக்கிறது. எந்த நாட்டில் எந்தப் பழக்கம் என்பதைத் தெரிந்துகொண்ட பிறகே வாங்கத் தொடங்க வேண்டும்.

ஆல்பத்தை எப்படி அமைப்பது என்பதற்கு வருவோம். கினியாவின் முதல் பக்கத்தில் பிராக் நோட்டை வைக்காதீர்கள். 1958 அக்டோபருக்கும் 1960 மார்ச்சுக்கும் இடைப்பட்ட காலத்தில் கினிய மக்கள் உண்மையில் பயன்படுத்திய மேற்கு ஆப்பிரிக்கா–தோகோ வெளியீட்டு நிறுவனத்தின் நோட்டு ஒன்றை அங்கே வையுங்கள். அடுத்தது பிராக் வரிசை, பிறகு டி லா ரூ வரிசை, பிறகு 1960 என்று போட்ட சிலி. ஒவ்வொன்றின் கீழும் இரண்டு தேதிகளை எழுதுங்கள்: நோட்டில் உள்ளது ஒன்று, புழக்கத்துக்கு வந்தது ஒன்று. புழக்கத் தேதிக்குச் சான்று கிடைக்காதபோது ‘முந்தைய வரிசைக்குப் பின்’ என்று எழுதினால் போதும். ஊகித்து ஓர் ஆண்டைப் போட்டுவிட்டால் நாளை உங்கள் ஆல்பத்தைப் பார்ப்பவருக்கு அதுவே சான்றாகிவிடும். இந்த அடுக்கில் இன்னொரு நன்மையும் உண்டு. ஒரு வரிசையின் ஆறு மதிப்புகளையும் துரத்துபவர் 5000, 10,000 பிராங்க் நோட்டுகளில் வந்து திணறிப்போவார். நான்கு கட்டங்களிலும் ஒவ்வொரு சிறு மதிப்பு நோட்டை வைத்திருப்பவர் கையில் ஒரு முழுக் கதை இருக்கும். பெரிய மதிப்புகள் பிறகு வரட்டும்.

வாங்கும்போது தேதியை நம்பாமல் எதை நம்புவது? வங்கியின் பெயரைத்தான் முதலில் படிக்க வேண்டும். ‘மத்திய’ என்ற சொல் இருக்கிறதா இல்லையா என்பதே இரு வரிசைகளையும் பிரித்துவிடும். விற்பவர் அனுப்பும் மங்கலான படத்தில்கூட இது தெரியும். அடுத்து, ஓரத்தில் அச்சகத்தின் பெயர் பொடி எழுத்தில் இருக்கிறதா என்று உருப்பெருக்கியால் பாருங்கள். பிறகு நோட்டை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து நீர்க்குறியைப் பாருங்கள். பின்பக்கத்து அன்னாசித் தோட்டம், வாழை, படகு போன்ற காட்சிகள் கினியாவின் நோட்டுகளில் திரும்பத் திரும்ப வருபவை என்பதால், படத்தை மட்டும் வைத்து வரிசையைத் தீர்மானிக்கக் கூடாது. உண்மையான கைத்திறன் கோட்டு வேலையில் தெரியும். உருவத்தின் கன்னத்திலும் கழுத்திலும் கோடுகள் ஒன்றையொன்று வெட்டும் இடங்களில் அவை தனித்தனியாக நிற்க வேண்டும். புள்ளிகளாகச் சிதறினால் அது பிற்காலத்து நகல். புற ஊதா விளக்கு வைத்திருப்பவர்கள், தாள் முழுவதும் பளிச்சென்று நீலமாக ஒளிர்ந்தால் ஒருமுறைக்கு இருமுறை யோசிக்க வேண்டும். அண்மைக்கால அலுவலகத் தாள்களில் சேர்க்கும் வெண்மையூட்டியின் அடையாளம் அது. எல்லாவற்றுக்கும் மேலாக, ‘1958, விடுதலை ஆண்டு நோட்டு’ என்ற விளம்பரத்துக்காக ஒரு ரூபாய்கூட அதிகம் தராதீர்கள். பிராக் வரிசையின் எல்லா நோட்டுகளும் அந்தத் தேதியைத்தான் தாங்குகின்றன; அந்த ஆண்டில் வெளியான கினிய நோட்டு என்று ஒன்று இல்லவே இல்லை.

போலி நோட்டு விஷயத்தில் கினியாவுக்குத் தனி வரலாறு இருக்கிறது. அதுவே சந்தையில் பெரிய பொறியாகவும் இருக்கிறது. பிரெஞ்சு உளவுத்துறை கினியாவின் புதிய பணத்தைக் குலைப்பதற்காகப் போலி நோட்டுகளை அச்சடித்து நாட்டுக்குள் கொட்டியது. பெர்சில் நடவடிக்கை என்று அழைக்கப்படும் அந்தத் திட்டத்தைப் பற்றி, அத்துறையின் ஆப்பிரிக்கப் பிரிவை நடத்திய மோரீஸ் ரொபேர் பின்னாளில் தம் நினைவுக் குறிப்புகளில் ஒளிக்காமல் பேசியிருக்கிறார். சம்பவம் உண்மை. ஆனால் அதை வைத்து ‘இது உளவுத்துறைப் போலி’ என்று ஒரு நோட்டுக்குக் கூடுதல் விலை கேட்பவரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: அசலிலிருந்து இதை எதை வைத்துப் பிரித்தீர்கள்? எழுத்து வடிவமா, நீர்க்குறியா, வரிசை எண்ணின் இடைவெளியா? அசலோடு பக்கத்தில் வைத்துக் காட்ட முடியாத வேறுபாட்டுக்குக் காசு கொடுக்க வேண்டாம். அந்தப் போலிகள் அசலைவிடத் தரமானவை, பிராக் தாள் கொனாக்ரியின் ஈரத்தில் தாங்கவில்லை என்று ஒரு கதை திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. அதைக் கதையாகவே வைத்துக்கொண்டு, கையில் உள்ள நோட்டை அதன் சொந்தச் சான்றுகளால் மட்டும் தீர்மானிப்பதுதான் பாதுகாப்பு. இந்த நிகழ்வு இன்னொன்றையும் விளக்குகிறது. ஒரு நாடு தன் முதல் வரிசையை விரைவிலேயே வேறு அச்சகத்தில், வேறு தோற்றத்தில் மாற்ற நேர்ந்தால், அந்த மாற்றத்தில் அரசு சந்தித்த நெருக்கடியின் தடம் இருக்கும். இரண்டு வரிசைகளையும் அருகருகே வைத்துப் பார்ப்பவரே அதைக் காண முடியும்.

இந்த முறைக்கு மறுப்புகள் உண்டு. அவற்றில் இரண்டு வலுவானவை. ஒன்று: உலகம் முழுவதும் பயன்படும், ஆல்பர்ட் பிக் தொடங்கிவைத்த பட்டியல் எண்கள் இருக்கும்போது தனியாக ஒரு வரிசை எதற்கு? விற்கும்போதும் மாற்றிக்கொள்ளும்போதும் எல்லோரும் பேசுவது பிக் எண்ணைத்தானே? உண்மைதான், எண்ணை விட்டுவிடச் சொல்லவில்லை. எந்த நோட்டைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை அது ஐயமின்றிச் சொல்கிறது. ஆனால் பட்டியலே தேதிக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் வேறோர் ஆண்டைப் போடும் இடங்களைக் கவனியுங்கள். அச்சான தேதி போதாது என்று பட்டியல் தயாரித்தவர்களே ஒப்புக்கொள்ளும் இடங்கள் அவை. இரண்டாவது மறுப்பு இன்னும் ஆழமானது: நோட்டின் தேதி ஒரு விடுதலை பெற்ற அரசின் சொல், பல ஆண்டுகள் கழித்து எங்கோ இருக்கும் சேகரிப்பாளர் அதை ஒதுக்கிவிட்டுத் தன் தேதியைப் போடுவது சரியா? ஒதுக்கினால் சரியில்லை. அதனால்தான் இரண்டு தேதிகளையும் எழுதச் சொல்கிறேன். அரசு சொன்னது மேலே, நடந்தது கீழே. இரண்டுக்கும் நடுவில் உள்ள பதினேழு மாதங்கள், ஒரு நாடு அரசியலில் விடுதலை பெற்றும் பணத்தில் பெறாதிருந்த காலம். அந்த இடைவெளியை மறைப்பது அந்த நாட்டுக்குச் செய்யும் மரியாதை ஆகாது. அது கடந்துவந்த தொலைவையே மறைத்துவிடும்.

தேதியே இல்லாத நோட்டுகளை என்ன செய்வது என்று கேட்கலாம். ஜாம்பியா 1964-ல் வெளியிட்ட 10 ஷில்லிங், 1 பவுண்டு, 5 பவுண்டு நோட்டுகளில் தேதி கிடையாது. அங்கே ஆளுநரின் கையெழுத்தும் பண அலகும் வழிகாட்டும்: பவுண்டு என்றால் குவாச்சா அறிமுகமான 1968 ஜனவரிக்கு முந்தையது. தமிழ்நாட்டுச் சேகரிப்பாளருக்கு இது புதிய வித்தையல்ல. ரிசர்வ் வங்கி நோட்டுகளில் அச்சிட்ட ஆண்டு 2005 முதல்தான் வரத் தொடங்கியது. அதற்கு முந்தையவற்றை ஆளுநர் கையெழுத்தை வைத்தே நாம் காலவரிசைப்படுத்தி வந்திருக்கிறோம். அந்தப் பழக்கத்தை ஆப்பிரிக்க நோட்டுகளுக்கும் கொண்டுபோனால் பாதி வேலை முடிந்துவிடும்.

நோட்டின் நிலை பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் விலையைத் தீர்மானிப்பதில் தேதியைவிட அதற்கே பங்கு அதிகம். மடிப்பே இல்லாத புது நோட்டு பல மடங்கு விலை போகும் என்பது உண்மை. மறுவிற்பனையை மனத்தில் வைத்திருப்பவர் அதை நாடுவதில் தவறில்லை. ஆனால் இங்கே நாம் கட்டுவது புழக்கத்தின் வரலாறு. நான்காக மடித்த தடமும், ஓரம் தேய்ந்த முனையும், எண்ணெய்க் கையின் கறையும் அந்த நோட்டு உண்மையில் கைமாறியது என்பதற்கான சான்றுகள். பணமாகவே பயன்படாமல் கட்டோடு கிடந்த நோட்டுகளும், வங்கிகளுக்குத் தெரியப்படுத்த அச்சிட்ட மாதிரித் தாள்களும் இந்தச் சான்றைத் தருவதில்லை. கிழிசலும் ஒட்டும் டேப்பும் இல்லாத, எழுத்து முழுதும் படிக்க முடிகிற நடுத்தர நிலை நோட்டே இந்த வகைச் சேகரிப்புக்குப் போதும். வாங்கியபின் அதைக் கழுவவோ இஸ்திரி போடவோ கூடாது. தாளின் உடலும் அச்சின் மேடும் ஒருமுறை போனால் போனதுதான். பிவிசி உறைகள் நாளடைவில் பிசுபிசுத்துத் தாளைக் கெடுக்கும். பாலியெஸ்டர் உறைகளே நல்லது. கடலோர ஊர்களில் இருப்பவர்கள் ஆல்பத்தைச் சுவரோடு ஒட்டிய அலமாரியில் வைக்காமல், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய பெட்டியில் வைத்து, மழைக்காலத்தில் பொட்டலத்தை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

கினியாவில் கைபழகியவர் அடுத்துப் போக வேண்டிய இடம் பக்கத்து நாடான மாலி. அங்கே சிக்கல் இன்னும் ஒரு படி கூடுதல். மாலி பிரான்சிடமிருந்து விடுதலை பெற்றது 1960 ஜூன் 20-ல், செனகலோடு சேர்ந்த கூட்டமைப்பாக. கூட்டமைப்பு உடைந்து மாலிக் குடியரசு தனியாக அறிவிக்கப்பட்டது செப்டம்பர் 22-ல். நோட்டுகள் இரண்டாவது நாளையே தேர்ந்தெடுத்தன. ஆனால் மாலி பிராங்க் நடைமுறைக்கு வந்தது 1962 ஜூலை 1. அந்த மாதம் 20-ஆம் தேதியே பமாகோவில் வணிகர்கள் புதிய பணத்தை எதிர்த்துத் தெருவில் இறங்கினார்கள். எதிர்க்கட்சித் தலைவர்கள் கைதாகி வழக்கைச் சந்தித்தார்கள். செக்கோஸ்லோவாக்கியாவில் அச்சான முதல் வரிசையிலும், டி லா ரூ அச்சடித்து 1967-ல் வந்த இரண்டாம் வரிசையிலும் மாலி அதிபர் மோதிபோ கெய்த்தாவின் உருவம் இருக்கிறது. தேதியும் இரண்டிலும் ஒன்றே, 1960 செப்டம்பர் 22. கினியாவில் வங்கியின் பெயரும் தேதியும் சேர்ந்து வரிசையைப் பிரித்துக் காட்டின. மாலியில் தேதி எந்த உதவியும் செய்யாது. எனவே அங்கே முதல் நோட்டை வாங்கும் முன்பே இரண்டு வரிசைகளின் தெளிவான படங்களை அருகருகே வைத்து, அச்சகத்தின் பெயர், நிறம், பின்பக்கக் காட்சி ஆகியவற்றை மதிப்புவாரியாகக் குறித்துக்கொள்ளுங்கள். விற்பவரிடம் முன்பக்கப் படம் மட்டும் இருந்தால், பின்பக்கத்தையும் கேட்டு வாங்கிப் பார்த்த பிறகே விலை பேசுங்கள்.